தண்ணி மிசினும் தாய்மாமன் பேரும்

தங்கப்பாண்டியன் அண்ணாச்சி தன் வாழ்நாளில் ஒரு பட்டாசுகூட வெடித்ததில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை மேனேஜராக இருந்து, வடக்கே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் லாரி லாரியாகச் சத்தத்தை ஏற்றி அனுப்பியவர் அவர். தீபாவளியன்று மட்டும் ஆமத்தூரில் தன் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிட்டாய்க் கடைக்காரர் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதில்லையா, அந்த மாதிரி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவருக்கு இடது புருவம் கிடையாது. கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஷெட் வாசலில் சிந்திக் கிடந்த வெடிமருந்தில் யாரோ இரும்புக் கரண்டியைப் போட்டு இழுக்க, கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒரு சீறல். புருவம் போயிற்று, கண் தப்பியது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து உலகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். பற்றிக்கொள்வது ஒன்று, பற்றிக்கொள்ளாதது ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் நம்பத் தயாராக இல்லை.

2004-ல் நான் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். என் அம்மா வள்ளித்தாய்க்கு அதே கம்பெனியில் திரி வைக்கிற வேலை. எங்கள் வம்சத்தில் அங்கே முன்வாசல் வழியாக உள்ளே போன முதல் ஆள் நான். மற்றவர்கள் எல்லாரும் பின்கேட்தான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் என்பதை நான் சொல்ல மறந்தாலும் எங்கள் தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அண்ணாச்சி என்னைக் கதிரவன் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "ஏலே டிகிரி" என்பார். ஆபீஸில் அதை நக்கல் என்றார்கள். எனக்கு அது இனிக்கத்தான் செய்தது.

நான் சேர்ந்தபோது ஆபீஸில் இருந்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அதன் தலைக்குள் ஊசிகள் வரிசையாக நிற்கும். கரண்ட் காந்தம் ஒவ்வோர் ஊசியையும் முன்னால் தள்ளும். ஊசி போய் மை நாடாவைக் குத்தும், நாடா போய் பேப்பரைக் குத்தும், பேப்பரில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்து கோலமாவதைப் போல எழுத்து உருவாகும். குத்துகிற மிசின் என்பதால் கார்பன் வைத்தால் அடியில் இருக்கிற தாள்களிலும் எழுத்து இறங்கும். லாரி டிரைவருக்கு ஒன்று, டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒன்று, சரக்கு வாங்குகிறவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று லோடு பில் ஒரே அடியில் முடிந்துவிடும். சத்தம் மட்டும் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும்.

அண்ணாச்சி ஒரு நாள் அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுக்குள்ள என்னலே இடிக்கி?"

"ஊசி அண்ணாச்சி. அது குத்தித்தான் எளுத்து விளுது."

"என்ன ஊசி?"

"இரும்புதான்."

"மோதுற எடம்?"

"ரப்பர் உருளை."

"ரப்பருக்குள்ள?"

"இரும்புக் கம்பி."

திருட்டை ஒத்துக்கொண்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "ஷெட்டுல ஒரு இரும்பு ஆணி கெடந்தா ஆளையே வீட்டுக்கு அனுப்புதோம். எல்லாம் பித்தளை, மரம்னு வச்சிருக்கோம். இங்கன என்னடான்னா இம்புட்டு ஊசிய வச்சு நாள் பூரா இடிக்கீக. கேட்டா ஆபீஸ் வேலைங்கீக."

"அது ஆபீஸ்லதான அண்ணாச்சி இருக்கு. ஷெட்டு எங்கன, இது எங்கன."

"பொறி என்ன வழி கேட்டுக்கிட்டா போகும்?"

மறுநாள் காலையில் பிரிண்டர் ஓர் ஈரச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு வாளியில் மணல். சாக்கு ஈரத்தில் பேப்பர் அப்பளம் போல வளைந்து, பில் எல்லாம் கோணலாக வந்தது. ஆனாலும் கார்பன் காப்பி எடுக்க வேறு மிசின் இல்லாததால் அதை ஒழிக்க அவரால் முடியவில்லை. லோடு பில் அடிக்கிற நேரத்தில் அவரே ஆபீஸை விட்டு இறங்கி, வாசலில் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வார். கம்பெனி மேனேஜர் பில்லுக்குப் பயந்து வெளியே நிற்கிறார் என்று லாரி டிரைவர்கள் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் முதலாளி சென்னைக்குப் போய்விட்டு வரும்போது ஒரு லேசர் பிரிண்டர் வாங்கி வந்தார். அது சத்தமே போடவில்லை. அண்ணாச்சிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"நல்ல குடும்பத்துப் பொம்பளப்பிள்ள மாதிரி எப்பிடி அடக்கமா இருக்கு பாத்தியாலே" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்த முதல் தாளைக் கையில் எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார்.

"ஏலே, சுடுது."

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதையெல்லாம் நான் படிக்கத்தானே என் அம்மா அத்தனை வருடம் திரி வைத்தாள். உள்ளே இருக்கிற உருளைக்கு முதலில் ஸ்டேட்டிக் கரண்ட், அதாவது தலையில் தேய்த்த சீப்பு பேப்பரை இழுக்குமே அந்தக் கரண்ட், ஏற்றப்படும். எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் லேசர் ஒளி பட்டு அந்தக் கரண்ட் மாறும். கறுப்புப் பவுடர் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பேப்பரில் இறங்கும். கடைசியில் ஒரு சூடான உருளை அந்தப் பவுடரை உருக்கிப் பேப்பரோடு அழுத்திவிடும் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அண்ணாச்சி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தார்.

"கறுப்பு மருந்து."

"மருந்து இல்ல அண்ணாச்சி, பவுடர்."

"நாங்களும் முன்ன பவுடர்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். அப்புறம் ஸ்டேட்டிக்கு. ஒடம்புல இருந்து எறங்கட்டும்னு ஷெட்டுக்குள்ள போகைல செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போறோமே, அதே ஸ்டேட்டிக்கா?"

"அதேதான்."

"அதுக்கு மேல அடுப்பு. எம்புட்டுச் சூடு வரும்?"

"இரநூறு டிகிரி வரும்."

"நீ ஒரு டிகிரி இருக்கறதே எங்களுக்குத் தாங்கல." மடக்கிய விரல்களை என் முகத்துக்கு நேரே காட்டினார். "மருந்து, ஸ்டேட்டிக்கு, சூடு. இந்த மூணும் ஒரு எடத்துல சேரக்கூடாதுன்னுதான் ஆளுக்கொரு ஷெட்டு, ஷெட்டுக்கு ஷெட்டு எடவெளி, சோதிக்க மாசத்துக்கொரு ஆபீசர். நீங்க என்னன்னா மூணையும் ஒரு பொட்டிக்குள்ள வச்சு, அதுக்கு மேல பூச்சாடி வேற வச்சிருக்கீக."

இதில் எரிச்சலான விஷயம், அவர் சொன்னதில் தர்க்கப்பிழை எதுவும் இல்லை. லேசர் பிரிண்டர் என்பது பட்டாசுக் கம்பெனியில் எதையெல்லாம் செய்யக்கூடாதோ அதையெல்லாம் வரிசையாகச் செய்கிற ஒரு பெட்டிதான். வெடிக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதை அவர் சிறிய வித்தியாசமாக நினைத்தார்.

லேசர் பிரிண்டர் வளாகத்தின் கடைசி மூலையில் காலியாகக் கிடந்த ஸ்டோர் ரூமுக்குக் குடிபோனது. கதவில் சிவப்பு எழுத்தில் 'அபாயம்'. வாசலில் தொட்டுவிட்டு நுழைய ஒரு செம்புத் தகடு. செருப்புக்குத் தடை. முதலாளியின் கடிதம் ஒன்றை அடிக்க நான் வெயிலில் வெறுங்காலோடு நடந்துபோய், தகட்டைத் தொட்டு, உள்ளே போய்வருவேன். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் மகன் மருந்துக் கலவை வேலைக்குப் போய்விட்டானோ என்று என் அம்மாவிடம் விசாரித்தார்கள்.

அப்புறம் அண்ணாச்சியே விருதுநகர் போய் ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கி வந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் தண்ணி மிசின். மயிரிழையைவிட மெல்லிய துளைகள் வழியாக மையைப் பேப்பரில் தெளிக்கிற மிசின் அது. சத்தம் இல்லை, பவுடர் இல்லை, தாள் சுடவும் இல்லை. தொட்டால் கொஞ்சம் ஈரமாகக்கூட இருக்கும். அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் அவர் மயங்கினார். மை தீர்ந்தால் ஊசிபோடுகிற சிரிஞ்சில் கடை மையை எடுத்து அவரே ஊற்றுவார். வீட்டுப் பூச்செடிக்குக்கூட அவர் அவ்வளவு பிரியமாகத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்.

அவர் வாங்கிய வகையில் மை எப்படி வெளியே வருகிறது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சூடு இருக்கிறது. மையை நொடியில் கொதிக்கவைத்து, ஒரு குமிழியை ஊதி, அந்த வேகத்தில் ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி வெடி. எங்கள் கம்பெனி ஒரு சீசன் முழுக்கச் செய்கிற வெடியைவிட அதிகமான வெடி அவர் மேஜை மேல் ஒரு பக்கத்துக்குள் வெடித்துக்கொண்டிருந்தது. அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். தவிரவும், நிழலில் உட்கார்ந்து கோணாமல் பிரிண்ட் எடுக்க எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு மிசின்தான்.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு அவர் மகள் யோகலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். மார்கழி பிறந்துவிட்டால் அவர்கள் வீட்டில் முதல் பத்திரிகை வைக்கமாட்டார்கள். ஆகவே கார்த்திகைக்குள் பத்திரிகை தயாராக வேண்டும். பெண்ணின் தாய்மாமன் வேலுச்சாமி, அதாவது அண்ணாச்சியின் மச்சினன், சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்திருப்பவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தோம்.

கார்த்திகை சிவகாசியில் காலண்டர் சீசன். பிரஸ்காரர்கள் சாப்பிடுவதே மிசின் பக்கத்தில் நின்றுகொண்டுதான். வேலுச்சாமி போனில், "கொஞ்சம் பொறுங்க மச்சான், டெல்லி ஆர்டர் ஒண்ணு முடியட்டும், அடிச்சுத் தாறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டு அண்ணாச்சி வெகுநேரம் இல்லாத புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டெல்லிக்காரன் சுவத்துல மாட்டுறதுக்கு அடிக்க நேரம் இருக்கு. அக்கா மக கல்யாணத்துக்கு அடிக்க நேரம் இல்ல. ஏலே டிகிரி, நம்ம தண்ணி மிசின்லயே அடி."

"அண்ணாச்சி, அந்த மை தண்ணி பட்டா கரையும்."

"கல்யாணப் பத்திரிகைய எவன்லே தண்ணியில போடுவான்?"

எனக்கும் யாரும் போடுவதாகத் தோன்றவில்லை. இந்தியாவுக்கே பத்திரிகை அடிக்கிற ஊரின் எல்லையில், பிரஸ்காரர் அக்காள் மகளின் கல்யாணத்துக்கு, ஆபீஸ் பிரிண்டரில் பத்திரிகை அடித்தோம். பூ, குத்துவிளக்கு, மயில் எல்லாம் நான் போட்டதுதான். 'தங்கப்பாண்டியன்' என்பதை நடுவில் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். 'தாய்மாமன் வேலுச்சாமி' இடது பக்கம் கீழ்மூலைக்குப் போனது. மூலை என்றாலும் மரியாதையான மூலை என்று அண்ணாச்சியே சொல்லிக்கொண்டார்.

குலதெய்வத்துக்கு வைத்த பிறகு மனிதர்களில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அண்ணாச்சியின் மனைவி பஞ்சம்மாள் மஞ்சளைக் குழைத்து, பத்திரிகையின் நான்கு மூலையிலும் தாராளமாக வைத்தார். தம்பிக்குப் போகிற பத்திரிகை என்பதால் இன்னும் கொஞ்சம் தாராளம். தாம்பாளத்தில் பத்திரிகையை வைத்து, அதன் இடது மூலை மேல் அப்போதுதான் கழுவிய வெற்றிலை, பாக்கு, பழம். வேனில் ஏறினோம். டிசைன் பண்ணியவன் என்கிற முறையில் நானும் போனேன். வேலுச்சாமி வீட்டில் எனக்கும் நாற்காலி போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதுவும் ஒரு பட்டம்தான்.

தாம்பாளத்தை வாங்கிய வேலுச்சாமி பழத்தை ஒதுக்கினார். வெற்றிலையைத் தூக்கினார்.

இடது கீழ்மூலையில் மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாக ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் 'தாய்மா' வரை கரையோரம் தெரிந்தது. மற்றது மூழ்கிவிட்டது. நடுவில் அண்ணாச்சியின் பெயர் ஒரு புள்ளிகூடக் கலங்காமல் கறுகறுவென்று நின்றது.

மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைப்பார்கள் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். மஞ்சளைத் தண்ணீரில்தான் குழைக்கிறார்கள் என்பது மட்டும் எங்கள் யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. நெருப்புக்கு இத்தனை ஏற்பாடு பண்ணிய மனிதர் தண்ணீரைச் சந்தேகித்ததே இல்லை.

வேலுச்சாமி விரலால் அந்த இடத்தைத் தேய்த்தார். விரலை முகர்ந்தார். "இது மையா, சாயப்பட்டறைத் தண்ணியா?"

"மிசின் மை வேலு. கொஞ்சம் ஈரம் பட்டுட்டு" என்றார் அண்ணாச்சி.

"ஒங்க பேருல படலையே மச்சான்."

"அது நடுவுல இருக்கு."

"அதான் பாக்கேன். நடுவுல இருக்கு." வெற்றிலையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் நான் பேரு அடிச்சுக் குடுக்கேன். எம்பேரு அளிஞ்ச பத்திரிகைய வாங்கிக்கிட்டு நான் எந்த மொகத்தோட மேடையில நிக்க?"

"ஏலே தம்பி, மஞ்ச வச்சது நான்லே" என்றார் பஞ்சம்மாள்.

"மஞ்ச வச்சது நீ. எடம் வச்சது யாரு?"

தாம்பாளம் திரும்பி வந்தது. வேனில் வெற்றிலை சொட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் யோகலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழவில்லை. "மாமா வந்து மாலை போடாம நான் மணவறைக்கு வரமாட்டேன். அப்பாவும் பிரிண்டரும் வேணா மேடையில உக்காந்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மார்கழி பிறக்க அதிக நாள் இல்லை. தாய்மாமன் பத்திரிகையை வாங்காமல் வேறு யாருக்கும் வைக்கவும் முடியாது.

மறுநாள் அண்ணாச்சி நேராக ஈரச்சாக்குப் பக்கம் வந்தார். "இந்த மிசினு மை தண்ணியில போகுமா?"

"அவ்வளவு லேசாப் போகாது. நாடா மையில எண்ணெய் உண்டு."

"அப்ப இதுல அடி."

அடித்தேன். கனமான அட்டையைப் பிரிண்டர் பாதியில் கடித்துக்கொண்டது. மெல்லிய தாளில் அடித்துக் காட்டினேன். மயில், டாட் மேட்ரிக்ஸில் கோழி ஆகியிருந்தது. மணமக்கள் பெயர் புள்ளி புள்ளியாக நின்றது.

அண்ணாச்சி அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கரண்டு பில்லு மாதிரி இருக்கேலே."

"இதுக்கு அம்புட்டுத்தான் வரும்."

"வேற?"

நான் ஜன்னல் வழியாக வளாகத்தின் கடைசி மூலையைப் பார்த்தேன். அண்ணாச்சியும் அங்கேயே பார்த்தார்.

"அது கரையாதா?"

"அது மை இல்ல அண்ணாச்சி. பவுடரு. சூட்டுல உருகிப் பேப்பரோட பேப்பரா ஒட்டிருது. அந்தச் சூடு இருக்குறதுனாலதான் தண்ணியால ஒண்ணும் பண்ண முடியாது."

"சூடு இல்லாம ஒட்டாதா?"

"ஒட்டாது. ஊதுனா பறந்துரும்."

வேலுச்சாமியின் பெயர் நிலைக்கவேண்டும் என்றால் நெருப்பு வேண்டும். அண்ணாச்சிக்கு இதைவிட மோசமான செய்தியை யாரும் கொண்டுவந்திருக்க முடியாது. எழுந்து, ஒரு கையில் மணல் வாளியும் மறு கையில் தண்ணீர் வாளியுமாக வெயிலில் நடந்தார். நான் அட்டைகளோடு பின்னால் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். வாளிகளை இறக்கிவைத்துவிட்டுச் செம்புத் தகட்டில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்திவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில்கூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"நீங்க வெளிய நில்லுங்க அண்ணாச்சி. நான் அடிச்சு எடுத்தாறேன்."

"எம்மக கல்யாணம்லே. நீ உள்ள, நான் வெளியவா?"

இந்த முறை வேலுச்சாமியின் பெயர் நடுவில். அண்ணாச்சியின் பெயர் இடது கீழ்மூலையில். அப்படி மாற்றச் சொன்னது அவரேதான். பின்பக்கத் தட்டைத் திறந்துவிட்டு அட்டையை வளையாமல் நேராக உள்ளே அனுப்பினேன். மிசின் லேசாக முனகியது. அந்தச் சின்ன முனகலுக்கு அண்ணாச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஆனால் கதவுப் பக்கம் நகரவில்லை. அட்டை வெளியே வந்தது. துண்டை நாலாக மடித்து, அடுப்பில் இருந்து சட்டியை இறக்குவது போல அதைப் பிடித்தார். கையோடு உள்ளே கொண்டுவந்திருந்த தண்ணீர் வாளிக்குள் முக்கி எடுத்தார். பார்த்தார். திரும்பவும் முக்கினார்.

"இருக்குலே" என்றார்.

அன்றைக்கே சிவகாசிக்குப் போனோம். வேலுச்சாமி பிரஸ்ஸில்தான் இருந்தார். அண்ணாச்சி தாம்பாளத்தை நீட்டினார். வேலுச்சாமி பத்திரிகையைப் படிக்கவே இல்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆப்செட் மிசினில் தண்ணீர் நிற்கிற தொட்டிக்குள் அதை அப்படியே போட்டார். அங்கே அச்சுத் தகட்டின் மேல் தண்ணீரும் எண்ணெய் மையும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மை ஒட்டாது, மை பிடிக்கிற இடத்தில் தண்ணீர் நிற்காது. அந்தப் பிரிவினையை வைத்துத்தான் படம் விழுகிறது.

பத்திரிகையை எடுத்து உதறி, நடுவில் தன் பெயரைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். மூலையில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டார்.

"எந்த மிசினு மச்சான்?"

"கடைசி ரூம்புல இருக்கே, அது."

வேலுச்சாமிக்கு அந்த ரூமின் கதை தெரியும். சிவகாசி முழுக்கத் தெரியும். "நீங்க உள்ள போனீகளா?"

"போனேன்."

"பக்கத்துல நின்னீகளா?"

"நின்னேன்லே. எம்புட்டுக் கேள்விதான் கேப்ப?"

வேலுச்சாமி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்கன பாருங்க, என் மிசின்ல தண்ணியும் மையும் நாள் பூரா ஒண்ணாத்தான் ஓடுது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. ஆனாலும் காலண்டர் வருது. நீங்களும் நானும் அப்பிடியே இருந்துக்கிடுவோம். ஒக்காருங்க, காப்பி சொல்லுதேன்."

கல்யாணத்துக்கு வேலுச்சாமி முதல் நாளே வந்துவிட்டார். வெறுங்கையோடு வரவில்லை. ஆமத்தூர்ச் சுவர்கள் முழுக்க நான்கு கலரில் போஸ்டர். அதில் ஆள் உயரத்துக்கு அவரே கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேல் மணமக்கள் இரண்டு தபால்தலைகள் அளவுக்கு இருந்தார்கள். அண்ணாச்சியின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரமாயிற்று. இடது கீழ்மூலையில் இருந்தது.

மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கம்பெனிச் சரவெடியையே வாங்கி வந்து தெரு நீளத்துக்குப் போட்டிருந்தார்கள். அது வெடிக்கத் தொடங்கியதும் அண்ணாச்சியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். மண்டபத்துக்குப் பின்பக்கச் சுவரில், போஸ்டருக்கு முன்னால், இரண்டு காதிலும் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. விரலில் எச்சிலைத் தொட்டு, கீழ்மூலையில் தன் பெயரைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.